நிறுத்தவில்லை அக்கா, கூட்டி வந்துவிட்டேன்

என் தங்கமான அக்காவுக்கு,

யார்மேல் கோபம் வந்தாலும் உன்னிடம் வந்து கொட்டித்தான் எனக்குப் பழக்கம். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது நெஞ்சு முட்ட இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளை இனியாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே கூட்டி வந்துவிட்டோம். வேறு பள்ளியில் சேர்க்கவில்லை. சென்னையில் எங்கள் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறோம்.

நீ இருந்திருந்தால் இந்நேரம் போனைப் போட்டு, "ஏன்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று ஆரம்பித்திருப்பாய். மற்றவர்கள் என்ன சொன்னாலும் எனக்கு ஒன்றுமில்லை. உன்னிடம் சொல்லத்தான் பயம். பொம்பளப் பிள்ளய நிறுத்திட்டாக என்ற பேச்சை நம் ஓடைப்பட்டியில் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்? நம் வீட்டிலேயே கேட்டோமே.

எட்டாவது முடித்த லீவில் நீ வயசுக்கு வந்தாய். பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, தலை பின்னிப் பையை மாட்டிக்கொண்டு நீ நின்றபோது, அப்பாவும் சித்தப்பாவும் படித்தது போதும் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளிலிருந்து திராட்சைத் தோட்டத்துக்குப் போனாய். பின்னால் என் முறை வந்தபோது, அவளை நிறுத்தினால் நான் சோறு தின்ன மாட்டேன் என்று நீ உட்கார்ந்துகொண்டதால்தான் நான் படித்தேன். அப்படிப்பட்டவளிடம் போய், என் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் நடந்ததை முழுசாகக் கேள். கேட்டுவிட்டுத் திட்டு.

இனியாவுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும் என்பது உனக்குத் தெரியும். ஒரு கதையைச் சொன்னால் வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். அதையே புத்தகத்தில் காட்டினால் திணறுவாள். டாக்டரிடம் காட்டினோம். பிள்ளையின் அறிவில் ஒரு குறையும் இல்லை, வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும் என்றார். பள்ளியில் போய்ச் சொன்னோம். பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள், பள்ளியைப் பார்வையிட வெளியாட்கள் வந்தார்கள். வகுப்பில் பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொல்வார்களாம். இனியாவையும் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் காலையிலேயே மாடிக்குக் கூட்டிப்போய், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கும் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் போகும்வரை சத்தம் போடக் கூடாது, வெளியே வரக் கூடாது. பாத்ரூமுக்குக்கூட விடவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒரு பையன் உடுப்பிலேயே போய்விட்டான்.

சாயங்காலம் இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை அக்கா. தோசை தின்றுகொண்டே சொன்னாள்.

"எங்களை ஒளிச்சு வெச்சிட்டாங்கம்மா. நாங்க படிச்சுக் காட்டினா ஸ்கூலுக்கு அசிங்கம்ல?"

மழைக்கு லீவு விட்டதைச் சொல்வது மாதிரி சொன்னாள். தன்னை ஒளித்து வைத்தது நியாயம்தான் என்று அந்தப் பிள்ளைக்கே தோன்றியிருக்கிறது. அடைத்து வைத்ததைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இதை யார் கற்றுக்கொடுத்தது? எழுத்தைக் கற்றுக்கொடுக்கத் தெரியாதவர்கள் இதை மட்டும் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்!

மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும், உன் கொழுந்தன்தான், போய் நின்றோம். அவரை நீ அப்படித்தானே கேலியாகக் கூப்பிடுவாய். தலைமை ஆசிரியை எங்களை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்தார். உங்கள் பெண் எல்லார் முன்னாலும் கூச்சப்படக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பாத்ரூமுக்கு ஏன் விடவில்லை என்று கேட்டேன். அது ஒரு சின்னக் கவனக்குறைவு என்றார். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால் வேறு பள்ளி பார்க்கலாமே என்று அதே சிரிப்போடு முடித்தார். காபியைத் தொடாமல் எழுந்து வந்தோம்.

வெளியே அந்தப் பையனின் அம்மா நின்றிருந்தார். உள்ளே வாருங்கள், சேர்ந்து கேட்போம் என்று கூப்பிட்டேன். என் பிள்ளை இன்னும் இங்கேதானே படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரை அப்படிப் பயந்து நிற்க வைத்தவர்கள்மேல் வந்தது.

வேறு பள்ளிகளுக்கும் போனோம். ஓரிடத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, இவள் இரண்டாம் வரியில் திணறும்போதே கடிகாரத்தைப் பார்த்தார்கள். இன்னோரிடத்தில் ஒரு வகுப்பு இறக்கிப் போட்டால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடமே கேட்டேன். உனக்கு என்ன வேணும் இனியா?

ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள். "கொஞ்ச நாள் வீட்லயே படிக்கட்டுமா?" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் ஆபீஸ் வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் பூங்காவில் சனிக்கிழமைதோறும் சில குடும்பங்கள் கூடுகின்றன. எல்லாரும் பிள்ளைகளை வீட்டில் படிக்க வைப்பவர்கள். அவர்களில் மாலதி என்பவர்தான் எனக்கு வழி சொன்னார். சட்டத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், பயந்துவிடாதீர்கள் என்றார். அதற்குரிய வயது ஆனதும், பள்ளிக்குப் போகாமலே பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம் என்றார். முதல் ஒரு மாதம் புத்தகத்தையே திறக்காதீர்கள், பிள்ளை கொஞ்சம் மூச்சு விடட்டும் என்றும் சொன்னார்.

நான் கேட்டேனா? என்னைத்தான் உனக்குத் தெரியுமே. மறுநாளே கூடத்தில் கரும்பலகை மாட்டினேன். அட்டவணை ஒட்டினேன். போனில் மணி அடிக்க வைத்தேன். அந்த வாரம் முடிவதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டேன். இனியா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நீங்களும் எங்க மிஸ் மாதிரியே மூச்சு விடுறீங்க" என்றாள். அன்றைக்கே பலகையைக் கழற்றிவிட்டேன்.

இப்போது நான் சத்தமாக வாசிக்கிறேன். அவள் வரியில் விரலை வைத்துக் கூடவே வருகிறாள். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கும் நாளில் அப்பாவும் மகளும் கோயம்பேடு சந்தைக்குப் போகிறார்கள். நம் பக்கத்துக் கறுப்புத் திராட்சை அங்கே பெட்டி பெட்டியாக இறங்குகிறது. எது எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டுவந்து, தானே ஒரு படம் வரைந்து, சின்னமனூர், கம்பம், ஓடைப்பட்டி என்று எழுதினாள். ஓடைப்பட்டியில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு, தானே கண்டுபிடித்துச் சேர்த்தாள். அவ்வளவுதான் முன்னேற்றம். இன்னும் திணறத்தான் செய்கிறாள். சில நாள் ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். இவள் வாழ்க்கையோடு விளையாடுகிறேனோ?

ஆனால் ஊருக்கு வந்த அக்கறை இருக்கிறதே! லிஃப்டில் ஏறினால் கேள்வி, இறங்கினால் கேள்வி. பிள்ளை நாலு பேரோடு பழக வேண்டாமா என்கிறார்கள். உடைந்த பெஞ்சுகளோடு அவளைப் பழக விட்டபோது இவர்கள் எல்லாம் எங்கே போயிருந்தார்கள்?

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வீரபாண்டிக் கோயில் திருவிழாவில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

சித்திரையில் எல்லாரும் கூடினோம். சாமி கும்பிட்டுவிட்டு ஆற்றங்கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டோம். பிள்ளைகள் ராட்டினம் சுற்றப் போய்விட்டார்கள். எனக்குத் திட்டு விழும் என்று தயாராகத்தான் இருந்தேன். ஆனால் நம் அத்தை என் கன்னத்தைத் தடவி, "நல்ல காரியம் செஞ்ச ஆத்தா. வயசுக்கு வரப்போற பிள்ளய வீட்டோட வச்சிருக்கதுதேன் நல்லது" என்றாள்.

பாராட்டு, அக்கா! நிறுத்தவில்லை அத்தை, வீட்டில் படிக்கிறாள் என்று எவ்வளவோ சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. பொம்பளப் பிள்ளை வீட்டில் இருக்கிறாள் என்றால் அவர்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். சித்தப்பா ஏப்பம் விட்டுக்கொண்டு சொன்னார்:

"உங்கக்காளயும் அப்பவே நிறுத்துனோம். என்ன கெட்டுப்போச்சு? நல்லாத்தேன குடும்பம் நடத்துனா."

கையிலிருந்த சோற்றை இலையிலேயே போட்டுவிட்டேன். அப்போதுதான் மச்சான் வாயைத் திறந்தார். உன் வீட்டுக்காரர் நம் சித்தப்பா முன்னால் என்றைக்காவது ஒரு வார்த்தை பேசியிருக்கிறாரா? அவர் இலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கெட்டுத்தேன் போச்சு மாமா. எங்க வீட்டு வழியாத்தேன் பிள்ளைக பள்ளிக்கூடம் போகும், வரும். அந்த நேரத்துக்கு அவ வாசலுக்கே வரமாட்டா. கல்யாணமாகி வந்ததுல இருந்து சாகுற வரைக்கும். பிள்ளைக சத்தம் அடங்குன பெறகுதேன் கதவத் தெறப்பா."

எனக்கு இது தெரியாது அக்கா. தேவாரம் ஊரில் உன் வீட்டில் எத்தனை தடவை வந்து தங்கியிருக்கிறேன்! யோசித்துப் பார்த்தேன். நான் வந்ததெல்லாம் லீவு நாட்களில். அப்போது அந்தத் தெருவில் பள்ளிக்கூடம் விடும் நேரம் என்று ஒன்று கிடையாது. எல்லாக் கோபத்தையும் நான் உன்னிடம் கொட்டினேன். நீ ஏன் இதை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை?

பழசையெல்லாம் எதற்குப்பா என்று சித்தப்பா கை கழுவ எழுந்தார். நான் விடவில்லை.

"அக்காவ நிறுத்தும்போது அவள ஒரு வார்த்த கேட்டீகளா சித்தப்பா?"

"பிள்ளைகளப் போயி யாரும் கேப்பாகளா?"

"நான் கேட்டேன்" என்றேன்.

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடம் என்பதன்மேலேயே எனக்குக் கோபம் இல்லை அக்கா. நீ சாகும்வரை ஏங்கியது அதற்குத்தானே. உன்னை வெளியே நிறுத்திக் கதவை மூடினார்கள். இவளை உள்ளே வைத்து மூடினார்கள். இரண்டு பேரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் அந்தப் பையனின் அம்மாவைத் தேடிப் போனேன். அந்த நாளைப் பற்றி வெகுநேரம் அழுதார். அந்தப் பள்ளியைப் பற்றி நான் எழுதிய புகாரில் இந்த முறை அவரும் கையெழுத்துப் போட்டார். கல்வி அலுவலகத்தில் கொடுத்தோம். அங்கே இருந்தவர், உங்கள் பிள்ளைதான் இப்போது அந்தப் பள்ளியில் இல்லையே, பிறகு உங்களுக்கு என்னம்மா என்று கேட்டார். அடுத்த வாரம் மறுபடி போனேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அந்த மாடி அறையில் எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதோ?

இப்போது சொல், திட்டப்போகிறாயா?

திட்டினாலும் சரி, ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் போகிறேன் என்று இனியா என்றைக்குச் சொல்கிறாளோ, அன்றைக்கே கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். அவள் திணறித் திணறி வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கும் பள்ளி கிடைக்கும்வரை ஒவ்வொரு வாசலிலும் ஏறி இறங்குவேன். போதும் என்று அவளிடம் சொல்லும் உரிமையை அப்பா வீட்டுக்கும் கொடுக்க மாட்டேன், மாமியார் வீட்டுக்கும் கொடுக்க மாட்டேன். எனக்கும் அது கிடையாது.

உன் கூடப்பிறந்தவள்,
பாண்டிச்செல்வி