மூன்று முறை மாற்றிய துணி

அன்புள்ள மாப்பிள்ளை முனிராஜுக்கு,

தளியிலிருந்து அத்தை நாராயணம்மா எழுதுகிறேன். நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. புனே கம்பெனியில் வேலை அதிகம் என்று உங்கள் தம்பி சொன்னார். அதனால்தான் கடிதம். எட்டாவது படித்த கை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். நாலே கால் கிலோ. இங்கே குளிர் இறங்கிவிட்டது, குல்லாய் போட்டுத்தான் வெளியே எடுக்கிறேன். ரோஜாத் தோட்ட வேலையை விட்டுவிட்டேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். நம் ரூபா எப்படி இறந்தாள் என்று கேட்கிற கூட்டம். யாரையும் தண்டிப்பதற்காக இல்லை, இன்னொரு பெண் சாகக்கூடாது என்றுதான் கேட்கிறோம் என்றார் பெரிய டாக்டரம்மா. எனக்குப் புரியவில்லையோ என்று கன்னடத்திலும் சொன்னார். அங்கே சொன்னதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். காரியத்தன்று, பிரசவ நாளில் ஷிப்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் அவளைக் காப்பாற்றியிருப்பேன் என்று சுவரில் முட்டிக்கொண்டீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

குழந்தை பிறந்தது காலை பத்தரைக்கு. நர்ஸ் ஜோதியம்மாள் எல்லாம் பார்த்துவிட்டு அடுத்த பிரசவத்துக்குப் போனார். ரூபாவுக்கு இரத்தம் போய்க்கொண்டே இருந்தது. படுக்கை அசிங்கமாக இருந்தால் திட்டுவார்களோ என்று அடியில் இருந்த துணியை எடுத்து அலசிப்போட்டேன். வேறு துணி வைத்தேன். அதுவும் நனைந்தது. இப்படி மூன்று முறை.

"அம்மா, கண்ணு இருட்டிகிட்டு வருது, நர்சம்மாவக் கூப்புடு" என்றாள்.

பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும், கண்ணை மூடிப் படு என்றேன். அவளைப் பெற்றபோது எனக்கும் அப்படி இருந்தது, அந்த நினைப்பில் சொன்னேன். ஜோதியம்மாள் திரும்பி வந்தபோது துணி சுத்தமாக இருந்தது. ரூபாவின் முகத்தைப் பார்த்துத்தான் பதறினார். ஓசூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆம்புலன்சிலேயே, என் கைக்குள் அவள் கை சில்லிட்டுப்போனது.

கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஜோதியம்மாள் அழுதுவிட்டார். "நான் நடுவுல ஒரு தடவ வந்து வயித்தத் தொட்டுப் பாத்திருக்கணும். உங்க மேலயே போட்டுக்காதீங்கம்மா" என்றார்.

இப்போது அங்கே பிரசவமானதும் இடுப்புக்கடியில் கோடு போட்ட பிளாஸ்டிக் பை விரிக்கிறார்கள். இரத்தம் கோட்டைத் தாண்டினால் உடனே ஊசி, மருந்து எல்லாம். திங்கட்கிழமை எங்கள் தெரு ரஞ்சிதாவுக்குத் தாண்டிவிட்டது. நாலு பேர் ஓடி வந்து பார்த்தார்களாம். பிழைத்துக்கொண்டாள். போய்ப் பார்த்தேன், உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வீடு திரும்பக் கால் வரவில்லை.

மாப்பிள்ளை, நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தாலும் உங்களையும் வெளியேதான் நிறுத்தியிருப்பார்கள். உள்ளே இருந்தவள் நான். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தடுப்பூசி அட்டையில் 'ரூபாவின் பெண் குழந்தை' என்றே எழுதுகிறார்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். அவளுக்காக நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். ஒரு முறை வந்து அவளைத் தூக்கிக்கொள்ளுங்கள். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள், அன்றைக்கு நான் பக்கத்து வீட்டில் இருந்துகொள்கிறேன்.

உங்கள் நன்மையையே வேண்டும்,
நாராயணம்மா