மருமகள் அனுப்பிய இரும்புத் தண்டு

ஞாயிறு காலை

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்து, அத்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிவிடாதே. அவள் நன்றாக இருக்கிறாள். பக்கத்து அறையில் துணி மடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, நான் எத்தனை வரி எழுதியிருக்கிறேன் என்று எட்டி எட்டிப் பார்க்கிறாள். போனில் பேசிவிட வேண்டியதுதானே என்று கேட்டாள். போனில் எனக்குக் கோபம்தான் நன்றாக வரும், வேறு எதுவும் வராது. அது உனக்கே தெரியும்.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. சாமான்களை வண்டியில் மாட்டியாகிவிட்டது. வண்டி நேராகப் போகிறது. நேற்று இந்த மூன்று வரியை மட்டும் எழுதி அத்தையிடம் காட்டினேன். இது கடிதமா தந்தியா என்று கேட்டுக் கிழித்துப் போட்டுவிட்டாள். அதனால் இன்று முதலிலிருந்து எழுதுகிறேன்.

போன மாதம் நடந்ததை அவள் உனக்குச் சொல்லியிருப்பாள். பாதியைத்தான் சொல்லியிருப்பாள், மீதியை நான் அவளிடமே சொல்லவில்லை. அத்தையின் கணுக்காலைக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தூறல். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் லேசாக ஒரு வளைவு வருமே, அங்கே ஸ்டீயரிங்கை நான் ஒரு விரற்கடைகூடத் திருப்பவில்லை. யாரோ வாலைப் பிடித்து இழுத்தமாதிரி வண்டியின் பின்பக்கம் ஒதுங்கியது. நான் திருத்துவதற்குள் முழுசாக ஒரு சுற்று சுற்றிப் புல்மேட்டில் போய் நின்றது. நல்லவேளை, எதிரில் யாரும் வரவில்லை. அத்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தவள், அன்னைக்கும் இப்படித்தாங்க ஆச்சு என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி ஓடிவந்தார். யாருக்கும் அடியில்லை என்று தெரிந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார். பெரியவரே, ஓட்டத் தெரியாம எதுக்கு வண்டி எடுக்கறீங்க என்று கேட்டார். நான் திருப்பவே இல்ல தம்பி, பின்சக்கரம் தானா திரும்புச்சு என்றேன். சொல்லும்போதே என் காதில் உன் குரல்தான் கேட்டது. அவர் நம்பவில்லை. பாவமாகச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா, இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ ஓட்டிப் போய், வண்டி சுவரில் மோதி, அத்தைக்குக் கணுக்கால் உடைந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் இதே வார்த்தையைத்தான் நீ என்னிடம் சொன்னாய். உன் நெற்றியில் ரத்தம்கூடக் காயவில்லை. நான் என்ன சொன்னேன்? முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், பின்சக்கரம் திரும்பி நான் பார்த்ததில்ல, ஓட்டத் தெரியாதவங்க சாவியைத் தொடக்கூடாது என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். நம் பையன் வெளியூர் வேலைக்கு எழுதிப் போட்டதும், நீங்கள் இருவரும் கிளம்பிப் போனதும் வேலைக்காக மட்டும் இல்லை என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. தெரியாதமாதிரி இருந்தேன், அவ்வளவுதான்.

இந்த வண்டியில் பின்சக்கரமும் கொஞ்சம் திரும்பும்படி கம்பெனியிலேயே செய்திருக்கிறார்கள் என்று பையன் போனில் மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் நான் போனை வைத்துவிட்டேன். அத்தையும் பின்சீட்டிலிருந்து பார்த்தேன், அவள் திருப்பவே இல்லை என்று ஓயாமல் சொன்னாள். உனக்கு எப்பவும் அவள் பக்கம்தான் என்று அவள் வாயை அடைத்தேன். அப்போது தகரம் தட்டிச் சாயம் அடித்த பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. பாருங்கள் என்று நானும் சொல்லவில்லை. பார்த்தால் என்ன தெரிந்துவிடுமோ என்று உள்ளுக்குள் பயம் இருந்திருக்கலாம்.

இந்தத் தடவை வண்டியைப் பொறுமையிடம் கொண்டுபோனேன். தெருமுனையில் புதிதாகக் கடை போட்டிருக்கும் மெக்கானிக். எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுவார், அதனால்தான் ஊரில் அந்தப் பட்டப்பெயர். வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். கடைவாய்ப் பல் ஆடுவதுபோல் ஆடியது. மூட்டெல்லாம் தேய்ந்துவிட்டது, அதைத் திருப்புகிற மோட்டார் வேறு நினைத்தபோது உதறுகிறது, ஓடும்போது இது எந்தப் பக்கம் திரும்பும் என்று கடவுளுக்குத்தான் தெரியும் என்றார். இதுக்குச் சாமான் இப்ப செய்யறதே இல்ல, காயலான் கடைக்குப் போட்டுடுங்க என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம்தான் அத்தை உனக்குப் போன் செய்திருக்கிறாள். நான்காம் நாள் பெட்டி வந்துவிட்டது, பின்சக்கரம் திரும்பாமல் பூட்டிவைக்கும் இரும்புத் தண்டும் சின்னதாக ஒரு மின்பெட்டியுமாக.

பொறுமை முதலில் முகத்தைச் சுளித்தார். வெளியாட்கள் செய்த சாமானை எல்லாம் நான் மாட்ட மாட்டேன் என்றார். நீ கைப்பட எழுதி, படம் போட்டு வைத்திருந்த நாலு பக்கத்தை நீட்டினேன். நின்றபடி படிக்க ஆரம்பித்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பழைய மோட்டாரோடு சக்கரத்தைத் திருப்பும் சட்டத்தைக் கழற்றிவிட்டு இந்தத் தண்டை எப்படிப் பூட்டுவது, வயர் முனைகளில் தண்ணீர் இறங்காமல் எப்படி மூடிக் கட்டுவது, எச்சரிக்கை விளக்கு எரியாமலும் ஸ்டீயரிங் கனத்துப் போகாமலும் இருக்க அந்தச் சின்னப் பெட்டியை எங்கே சொருகுவது, எல்லாம் இருந்தது. யாரு சார் இது எழுதினது என்று கேட்டார். என் மருமக, லிப்ட் கம்பெனியில இன்ஜினியர் என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். சொன்ன பிறகுதான், நிமிர்த்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது.

துருப்பிடித்த ஒரு போல்ட் மட்டும் அரை நாளைத் தின்றுவிட்டது. மற்றதெல்லாம் நீ எழுதிய வரிசையிலேயே நடந்தது. நாலு சக்கரமும் நேராக நிற்கிறதா என்று பார்த்தார். நீ சொன்னபடியே வண்டிச் சோதனை அலுவலகத்திலும் கொண்டுபோய்க் காட்டினேன். அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்து, வேலை சுத்தம் என்று சொல்லிப் பதிந்துகொண்டார். போன வாரம் நல்ல மழை. வேண்டுமென்றே அந்த வளைவுக்குப் போனேன். நீ வராதே என்று சொல்லியும் அத்தை முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வண்டி கோடு கிழித்தாற்போல் போனது. எனக்குத்தான் கண் மறைத்தது, ஓரமாக நிறுத்திவிட்டேன். அத்தை, துப்பட்டி மாதிரி பெரிதாக வைத்திருப்பாளே ஒரு கைக்குட்டை, அதை எடுத்துக் கொடுத்தாள்.

இன்னொன்று. பெட்டியின் அடியில் பில் கிடந்தது. அதில் இருந்த தேதியைப் பார்த்தேன். விபத்து நடந்து ஆறாவது வாரம். பையனிடம் கேட்டேன். உன் கட்டிலுக்கு அடியில் இத்தனை நாளும் அந்தப் பெட்டி இருந்தது என்றான். அனுப்பினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன், அந்த வண்டியிலேயே அத்தையை ஏற்றிக்கொண்டு வீம்புக்கு வேகமாக ஓட்டிக் காட்டுவேன் என்று பயந்தாயாமே. நீ பயந்தது சரி. அப்படித்தான் செய்திருப்பேன். நான் அப்படிப் பேசிய பிறகும், எங்கள் இருவர் உயிரைப் பற்றி நீ நினைத்திருக்கிறாய். அத்தை போன் செய்தபோதும், நான் அன்றே சொன்னேனே என்று ஒரு வார்த்தை நீ கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் சொன்னது தப்பு. நீ சொன்னது உண்மை. அன்று வராந்தாவில் இருந்த நாலு பேரில் மூன்று பேரைத் தேடிப் போய் இதைச் சொல்லிவிட்டேன். நாலாவது ஆள் உன் அண்ணன். அவரிடம் அடுத்த வாரம் போகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

உன் குறிப்பின் கடைசி வரியில், ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை எல்லாம் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இதுவரை நானூற்றுப் பத்து ஓடியிருக்கிறது. பொறுமையே பார்த்துவிடுவார், எனக்கும் ஸ்பானர் பிடிக்கத் தெரியும். ஆனாலும் எழுதினவள் கண்ணால் ஒருமுறை பார்த்தால்தான் எனக்குத் தைரியம். உனக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. அவசரம் இல்லை. கிலோமீட்டர் ஏறாமல் இருக்க, கடைக்கெல்லாம் இப்போது நடந்தே போய் வருகிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், அம்மா.

உன் மாமா