துரைக்கு வந்த துக்கம்

இன்று காலை ரயிலில் சீசன் டிக்கெட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். பச்சைப் புல் வாசனை குப்பென்று அடித்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் பையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தினமும் வேலை முடிந்து வரும்போது திருவொற்றியூர் கோயில் வாசலில் பூக்காரியிடம் அருகம்புல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறேன். எனக்குப் பிள்ளையார் பக்தி முற்றிவிட்டது என்பது பூக்காரியின் எண்ணம். நேற்றுகூட, "புள்ளையாரு உன்ன கைவுட மாட்டாரும்மா" என்று ஒரு கட்டு கொசுறாகப் போட்டாள். இதெல்லாம் உன் முயலுக்கு என்று சொன்னால் அந்தக் கட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வாள் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

நீ உயிரோடு இருந்திருந்தால் இதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

கண்டெய்னர் யார்டில் கேட் பாஸ் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த நாற்காலி. மதியம் சன்னலைச் சாத்திய பிறகும் டிரெய்லர் டிரைவர்கள் தட்டிக்கொண்டே இருப்பார்கள். நாள் முழுக்க நமக்கென்று இருந்தது அந்தச் சாப்பாட்டு வேளை ஒன்றுதான். நான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன். நீ டப்பாவைத் தொடமாட்டாய். முதலில் போனை எடுத்து ராயபுரத்தில் நம் தெருவிலேயே உன் வீட்டில் இருக்கும் மகளைக் கூப்பிடுவாய். ஒரே கேள்விதான்.

"துரை துன்னாரா?"

துரை என்பது உன் முயலின் பெயர். மேனேஜரையே முதுகுக்குப் பின்னால் 'அவன்' என்பவள், அதற்கு மட்டும் மரியாதை குறைக்கமாட்டாய். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாமே, பக்கத்துல ஒருத்தி பசியோட குந்திகினு கீறேன். அந்த நாலுகாலு பிராணிக்கு இன்னாத்துக்கு அவ்ளோ மரியாத?" என்றேன்.

"நீ பசிச்சா வாயத் தொறந்து கேப்ப. அது கேக்குமா?" என்றாய் நீ. சொல்லிக்கொண்டே உன் டப்பாவிலிருந்த கருவாட்டுத் துண்டை எடுத்து, என்னைக் கேட்காமலே என் சோற்றின்மேல் வைத்தாய். நான் தின்றேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. போனில் அதற்காகக் குழைந்த உன் குரல் என்னிடம் ஒருநாளும் குழைந்ததில்லை. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?

நீ போன அன்று உன் வீட்டில் எல்லோருக்கும் ஓர் இடம் இருந்தது. தலைமாட்டில் உன் மகள். பக்கத்தில் உன் அக்கா. உன் தாய்வீட்டுக் கோடித்துணியை எடுத்துக்கொண்டு உன் அண்ணி வந்தாள். சாங்கியத்தில் சிநேகிதிக்கு என்று ஒரு மூலைகூடக் கிடையாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் டீயும் பன்னும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். பொன்னேரியிலிருந்து வந்த யாரோ ஒரு பெரியம்மா, "நீ யாருமா?" என்று கேட்டாள். "கூட வேல செய்யறேன்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, "அப்டியே இன்னொரு டீ குடு" என்றாள்.

கட்டிலுக்கு அடியில் துரை உட்கார்ந்திருந்தது. அதற்குக் கிடைத்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும். வந்தவர்கள் எல்லாம் குனிந்து அதன் முதுகைத் தடவினார்கள். "பாவம், வாயில்லா ஜீவன், துக்கத்துல கீது" என்று டீயில் பன்னை நனைத்து ஊட்டினார்கள். அந்தப் பன் நான் கொடுத்த பன்.

கருமாதி முடிந்த மறுநாள் உன் மகள் அதைக் கூடையோடு தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அவளும் மாப்பிள்ளையும் எண்ணூருக்குக் குடிபோகிறார்களாம். "அத்த, எங்க மாமியாரு வூட்ல நாயி கீது. இத்த அங்க வெச்சிக்க முடியாது. அம்மாவுக்கு உங்கள வுட்டா யாரு கீறாங்க?" என்றாள். இத்தனை நாளில் உனக்கு நான் இருக்கிறேன் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அவள் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள், "பட்டினி மட்டும் போட்றாதீங்க அத்த, ஏங்கிப் பூடும்" என்றாள். அவள் கவலையெல்லாம் கூடைக்குள் இருந்தது.

அதற்கப்புறம்தான் கூத்து. துக்கம் கேட்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நம் தெருவின் வழக்கம் அல்லவா? கருமாதிக்கு வரமுடியாமல் போனவர்கள், உன் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் பன், பிஸ்கட், வர்க்கி. நான் நாற்காலி போடுவேன். அவர்கள் நேரே துரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதனிடம் துக்கம் விசாரித்து, பாக்கெட்டைப் பிரித்து ஊட்டிவிட்டுப் போவார்கள். என்னிடம் தண்ணீர் கேட்பார்கள்.

பிறகு அது சாப்பிடுவது குறைந்தது. பன்னை ஓடிவந்து கவ்வும், உடனே கீழே போட்டுவிடும். தாடை எச்சிலில் நனைந்தே கிடந்தது. புழுக்கை மிளகைவிடச் சிறுத்து, ஒருநாள் அதுவும் நின்றுபோனது. மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தபடி உட்கார்ந்திருந்தது. தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. "அதுக்கு மன்சு ஒடஞ்சி பூட்ச்சி. அவ கிட்டியே போய்ச் சேரப் பாக்குது." என் வீட்டுக்காரர்கூட, "மனுஷங்களுக்கு எங்க வருது இந்தப் பாசம்?" என்றார்.

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. உன்னோடு தினமும் சோறு பகிர்ந்தவள் நான். பாசத்துக்குப் பட்டம் கட்டிக்கொண்டு போவது ஒரு முயலா? அது செத்தால் கதை முடிந்தது. தெரு காலாகாலத்துக்கும் அதைத்தான் சொல்லும். உன் பின்னாலேயே போனது துரை, கல்லுக்குண்டாட்டம் உட்கார்ந்திருந்தவள் நான் என்று. என்னை முந்திக்கொண்டு உன்னிடம் போக அதை விடுவதாக இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன். உன்மேல் வைத்த அன்பால் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே, ஆத்திரத்தில்தான் போனேன்.

கால்நடை டாக்டர் சின்ன வயசுப் பெண். வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். பன்னு, பிஸ்கட்டு, வர்க்கி என்று வரிசையாகச் சொன்னேன்.

"புல்லு?"

"அதுக்குப் பல்லுல வேல வெக்க வாணாம்னு மெத்துமெத்துன்னே குடுத்துப் பழக்கிட்டாங்க" என்றேன். நீ பழக்கியதுதானே?

"பல்லுக்கு வேலை இல்லாததுதான்மா பிரச்சினையே. முயலுக்குச் சாகிறவரைக்கும் பல் வளர்ந்துக்கிட்டே இருக்கும். புல்லைக் கடிச்சு மென்னாதான் தேயும். இதுக்குக் கடவாய்ப் பல் வளர்ந்து நாக்கைக் கிழிக்குது. பசி இருக்கு, வலியில மெல்ல முடியலை. வயிறு காலியாக் கிடந்தா குடல் நின்னுடும். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா பிழைச்சிருக்காது."

நான் அவளிடம் கேட்க வேண்டியதை மெதுவாகக் கேட்டேன். "அப்போ, துக்கத்துல சாப்டாம இல்லியா?"

"துக்கம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா இது பல்லு" என்றாள்.

எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல? உயிருக்குப் போராடும் பிராணியை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் விசில் அடிக்காத குறை.

மயக்கம் கொடுத்துப் பல்லை ராவ வேண்டும், மயக்கத்திலிருந்து எழாமலும் போகலாம் என்றாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமெல்லாம் இறங்கிப்போய் பயம் பிடித்துக்கொண்டது. உன் குரலைத் தினமும் கேட்டு வளர்ந்த இரண்டு காது அதற்கு இருந்தது. அதுவும் போனால், நீ எப்படிக் குழைந்து பேசுவாய் என்பதை அறிந்த ஜீவன் வேறு எது?

எழுந்துவிட்டது. ஆனால் வலிக்கு மருந்து கொடுத்தும் தானாகத் தின்னவில்லை. டாக்டர் கொடுத்த புல் பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். நேராகப் பீய்ச்சினால் புரையேறிவிடும். துண்டில் சுற்றி மடியில் வைத்தால் உதைத்தது. என் முழங்கை முழுக்கக் கீறல். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அதனோடு மல்லுக்கட்டினேன். "துன்னு. உங்கம்மாகிட்ட ஓடிடலாம்னு பாக்கறியா? வரிசைல உனுக்கு முன்ன நான் நிக்கிறேன். பின்னால போ" என்று திட்டிக்கொண்டே ஊட்டினேன்.

ஒரு சாயங்காலம் அடுப்படியில் இருந்தேன். பின்னால் கறுக் கறுக் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் துரை அருகம்புல்லை இழுத்து இழுத்து மென்றுகொண்டிருக்கிறது. உன்னைப் பறிகொடுத்த ஜீவன் மாதிரியா தின்றது? கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தது மாதிரி தின்றது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு என் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். லீவு முடிந்து யார்டுக்குத் திரும்பப் போன முதல் நாள் அது. காலையில் கட்டிக்கொடுத்த சோறு அப்படியே இருந்தது.

"துரை துன்னுட்டாரு. நீ எப்போ துன்னப் போற?" என்றார். "அவ போன நாள்லேந்து பாத்துகினுதான் கீறேன். டப்பா போன மாரியே திரும்பி வருது. நாந்தான் தெரு நாயிக்குக் கொட்டிகினு கீறேன். நீயா வாயத் தொறந்து சொல்லுவன்னு வுட்டுட்டேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. சன்னலைச் சாத்துவேன், டப்பாவைத் திறப்பேன், உன் நாற்காலியைப் பார்ப்பேன், மூடிவிடுவேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, நானே கவனிக்கவுமில்லை. அன்று தரையில் துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆறிப்போன சோற்றைத் தின்றேன். அதுவும் நானும் யார் முதலில் முடிப்பது என்று போட்டி மாதிரி இருந்தது.

இப்போது மதியம் டப்பாவைத் திறக்குமுன் வீட்டுக்குப் போன் போட்டு, "துரை துன்னாரா?" என்று கேட்கிறேன். பிறகு நானும் சாப்பிடுகிறேன். தெருவில் இன்னும் அதன் பாசத்தைத்தான் பேசுகிறார்கள். பல் விஷயத்தைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவர்கள் எப்படியோ போகட்டும், நீ மட்டும் தெரிந்துகொள். பசித்தால் வாயைத் திறந்து கேட்பேன் என்று சொன்னாயே, நான் கேட்கவில்லை. அது சாப்பிடாமல் கிடந்தது பல்லுக்காக. உனக்காகச் சாப்பிடாமல் இருந்தவள் நான்.