காலால் அழித்த தடம்

லூகோ, ஏப்ரல் 9

அன்பு மகள் ஓர்னெல்லாவுக்கு,

அம்மாவின் முட்டியைத் தவிர இங்கே எல்லாம் நலம், உன் தோள்பட்டை எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. பத்து நாள் மழையில் கிளப்பின் இரண்டாவது மைதானத்துச் செம்மண் கரைந்து போய்விட்டது, நானே புதுமண் கொட்டி உருளை போட்டேன். பொகோட்டாவில் தோற்ற அன்று, டென்னிஸையே விடப்போவதாக அம்மாவிடம் போனில் சொன்னாயாம், "பதினோரு வருஷமா ஆடுறேன், அப்பா ஒரு ஆட்டமாவது பார்த்திருக்காரா" என்றும் கேட்டாயாம். உண்மையைச் சொல்கிறேன், சிரிக்காதே. உன் பன்னிரண்டாவது வயதில் ஃபோர்லிப் போட்டிக்கு உனக்குச் சொல்லாமல் வந்து பார்த்தேன், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்றாய். நான் பார்த்தால் உனக்கு ஆகாது என்று அன்றே முடிவு கட்டினேன். அதிலிருந்து நீ ஆடும்போதெல்லாம் வெளியே மண்ணைக் கூட்டிக்கொண்டிருப்பேன், கிளப் காபிக்கடை வால்த்தெர் டிவியைப் பார்த்து ஜன்னல் வழியாகப் புள்ளிகளைக் கத்துவான்.

பொகோட்டா ஆட்டத்தன்றும் அப்படித்தான். இன்னும் ஒரே புள்ளி, எடுத்தால் முதல்முறையாக உலக வரிசையில் நூறுக்குள் வந்துவிடுவாய் என்று கத்தினான். கால் நிற்கவில்லை, உள்ளே போய்விட்டேன். அவன் பதறிப்போய் காபி இயந்திரத்தின் இரும்புப் பிடியைக் கெட்டது அண்டாமலிருக்கத் தொட்டுக்கொண்டு, "ஒரேஸ்தே, உனக்குப் புண்ணியமாப் போகும், வெளிய போ" என்று கெஞ்சினான். அதற்குள் எதிராளி அடித்த பந்து கோட்டருகே விழுந்தது, வெளியே என்றார் நடுவர், கடையே எழுந்து ஆடியது. அவள் கை குலுக்க வலைக்கே வந்துவிட்டாள். நீ மட்டும் கோட்டுக்குப் போய்க் குனிந்து, பந்து மண்ணில் பதித்த தடத்தைப் பார்த்தாய், பிறகு பந்து உள்ளேதான், புள்ளி அவளுக்கே என்று அந்தத் தடத்தைக் காலால் அழித்துவிட்டு மறுபடி ஆட நடந்துபோனாய். "இவளை யாராவது கேட்டாங்களா? பைத்தியக்காரி" என்று வால்த்தெர் தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த ஒரு மணி நேரத்தில் தோற்றாய்.

நான் பார்த்ததால்தான் என்று இரண்டு நாள் மனம் நொந்தேன். மூன்றாம் நாள் மண்ணைக் கூட்டும்போதுதான் உறைத்தது. முப்பத்து நாலு வருடமாகக் கிளப் மண்ணைக் கூட்டித் தடம் பார்ப்பவன் நான். நம் பங்குச் சாமியார்கூட முந்தாநாள் விழுந்த பழைய தடத்தைக் காட்டிப் புள்ளி கேட்டிருக்கிறார். தனக்கு எதிரான தடத்தை, அதுவும் அந்தப் புள்ளியில், யாரும் கேட்காமல் அழித்தவரை நான் பார்த்ததே இல்லை. அப்படி அழித்தவள் என் வீட்டில் வளர்ந்தவள் என்று நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது மகளே. பெற்றவனுக்கே உன் முன்னால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

வேளைக்குச் சாப்பிடு, தோளுக்கு ஐஸ் வைக்க மறக்காதே. ஆடுவதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் மே மாதம் ரோமில் ஆடினால் நான் வருவேன், ரயில் சீட்டு எடுத்தாகிவிட்டது, வால்த்தெருக்குத் தெரிய வேண்டாம். கண்ணை மூட மாட்டேன், வெளியே போகவும் மாட்டேன். தோற்பதாக இருந்தால் நான் பார்க்கத் தோற்றுவிடு.

ஆண்டவர் துணையிருப்பார்.

உன் அப்பா,
ஒரேஸ்தே