நடுக்கம் வேண்டி

மே 6, செவ்வாய்

வெயில். காலையிலேயே முதுகு நனைந்துவிட்டது. கருவியைக் குழியில் இறக்கியாயிற்று. அப்பா வெட்டிய குழி, இடுப்பளவு. அடியில் சிமென்ட் பலகை, மேலே தகரம், வைக்கோல். உளுந்தும் எடுத்து முடித்த வயல். ஆள் நடமாட்டம் இல்லை. ஆற்றில் தண்ணீர் திறந்ததும் டிராக்டர் இறங்கும். அதற்குள் ஒரு நிலநடுக்கம் வேண்டும்.

இங்கே அல்ல. தூரத்தில், அந்தமான் பக்கம், சுமத்ரா பக்கம். பூமியில் ஏகப்பட்ட நிலையங்கள் சேர்ந்து நடுக்கத்தின் இடத்தைக் கண்டுபிடிக்கின்றன. நிலவிலோ செவ்வாயிலோ ஒரே ஒரு கருவியை இறக்கவே பெரும்பாடு. அது ஒன்றே திசையைச் சொல்லியாக வேண்டும். என் ஆய்வு அந்தக் கணக்குதான். விடை தெரிந்த பூமியில் சரியாக வந்தால், விடை தெரியாத இடத்திலும் நம்பலாம்.

உதவித்தொகை அடுத்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பு கேட்க ஒரு நல்ல பதிவாவது வேண்டும் என்கிறார் வழிகாட்டி மேடம்.

வாங்க: பேட்டரி, டேப், கொசுவர்த்தி.

மே 9, வெள்ளி

ஒன்றுமில்லை. மும்முனை மின்சாரம் வந்தால் ஊர் மோட்டார்கள் எல்லாம் ஓடுகின்றன, பதிவில் கோடு தடிக்கிறது. நின்றால் மெலிகிறது. செவ்வாயில் இறங்கிய கருவி ஒன்று சோலார் பலகையில் தூசி படிந்தே நின்றுபோனது. துப்பட்டாவால் என் சோலார் பலகையைத் துடைத்தேன். மறுபடி படிந்தது.

மே 11, ஞாயிறு

சர்ச்சில் பூசை. மன்றாட்டு நேரத்தில் என்ன கேட்பது? யார் வீடாவது ஆட வேண்டும் என்றா? கடலடியில், ஆளில்லாத இடத்தில், அலை எழும்பாதபடி. நிபந்தனைகள் சேர்த்துக்கொண்டே போனேன். வேளாங்கண்ணியில் சித்தியைக் கடல் கொண்டுபோனதும் அந்தப் பக்கத்து நடுக்கத்தில்தான். அப்பா பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தார். எந்தத் திசைக்குக் காத்திருக்கிறேன் என்று அவரிடம் சொன்னதில்லை.

மே 13, செவ்வாய்

பக்கத்து வயல் முருகையன் அண்ணன் வந்தார். விவசாயிகள் சங்கத்தில் இருப்பவர்.

"பாப்பா, குழில என்ன வச்சிருக்க?"

"நிலநடுக்கம் பாக்குற கருவிண்ணே. நிலா ஆராய்ச்சிக்கு."

"நெலாவுக்குன்னா மொட்டமாடில வைக்கணும். குழில எதுக்கு?"

நானும் சிரித்தேன். அவர் நிறுத்திக்கொண்டார்.

"எண்ணெய் எடுக்க வந்தவனும் இப்படித்தான் ஒயரப் பொதச்சான். இதுவும் அதுவும் ஒண்ணா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"கணக்கு ஒண்ணுதான்ணே. அவங்க தரையை அடிச்சு அதிர்வக் கேப்பாங்க. நான் அடிக்காம காத்திருக்கேன்."

சாப்பிடும்போது அப்பா: "ஒண்ணுதான்னு ஏம்மா சொன்ன?"

"உண்மை அதானப்பா."

"உண்மைதான். அவன் பாதியத்தான் கேட்டிருப்பான்."

எண்ணெய்க் கிணறு வேண்டாம் என்று மறியல் செய்து, கல்யாண மண்டபத்தில் அடைபட்டவர்களில் அப்பாவும் ஒருவர்.

மே 15, வியாழன்

வந்துவிட்டார்கள். சங்கத்து ஆட்கள், பத்துப் பதினைந்து பேர். குழியின் தெற்கு ஓரத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். அப்பா அவர்களுக்கு முன்னால், விளிம்பில், யாரும் இறங்கிவிடாதபடி.

"ஏன் சூசை, ஒன் மவளே கொண்டாந்து வச்சா நாங்க யாருகிட்ட போயி கத்துறது?" முருகையன் அண்ணன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "நெலாவுல போர் போடப் போறாங்களாம்ல. இங்க போட்ட போர்ல உப்புத் தண்ணி வருது."

சிரிப்பு. அப்பாவும் சிரிக்கப் பார்த்தார்.

நான் விளக்கினேன். செவ்வாய், அலை, ஒற்றைக் கருவி. விளக்க விளக்க எனக்கே கம்பெனிக்காரி பேசுவதுபோல் கேட்டது. அவர்கள் பயம் தப்பா என்றால், தப்பில்லை. நான் சொல்வதும் பொய்யில்லை. நடுவில் அப்பா.

பேச்சு நீண்டது. கடைசியில் அப்பாதான் சொன்னார்: "நானே எடுத்துடறேன். யாரும் கை வைக்காதீங்க." கருவியை உர மூட்டைபோல் தோளில் வைத்து வீடுவரை நடந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மே 16, வெள்ளி

புழுக்கம். நடுக்கம் வந்திருக்கிறது. நேற்று, அந்தமான் பக்கம், கடலடியில். சேதமில்லை, அலையுமில்லை. கேட்டபடியே. அவர்கள் குழியோரம் நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில்.

பதிவைத் திறந்தேன். காலடிச் சத்தத்தை வடிகட்டிவிடலாம். எடையை முடியாது. ஆட்கள் நின்ற பக்கம் அடியிலிருந்த ஈரக்களி அமுங்கி, தரை மயிரிழை சாய்ந்திருக்கிறது. மேல்கீழ் அசைவு சுத்தமாக இருக்கிறது. நடுக்கம் எப்போது வந்தது என்று அது சொல்கிறது. திசையைச் சொல்ல வேண்டிய பக்கவாட்டு அசைவுகள் இரண்டும் போய்விட்டன.

மேடத்துக்கு அனுப்பினேன். போன் வந்தது. "இத வச்சு நீட்டிப்பு கேக்க முடியாதும்மா. இருக்குறத எழுதி முடிச்சிடு."

ஆனாலும் கணக்கை ஓட்டிப் பார்த்தேன். நடுக்கம் கிழக்கே. திரையில் விடை: தெற்கு. தெற்கே நின்றது அப்பா.

அவர் டீயோடு வந்து பின்னால் நின்றார்.

"எந்தப் பக்கம்னு காட்டுதா?"

"காட்டுதுப்பா. கிழக்க."

"அப்ப கெடச்சிருச்சுல்ல," என்றார்.