பாலம் எரிப்பு: ரங்கசாமி

ஆவணி 5, வெள்ளி

காலையில் தூறல். தபாலாபீஸ் கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். மணியார்டர் பாரம் ஒரு கட்டு நனைந்து போச்சு. தெய்வானைக்கு இருமல் விடவில்லை. ஏழாம் மாதம், மருந்து கொடுக்கப் பயம். பனங்கற்கண்டு வாங்கணும்.

சாயங்காலம் காதர் பாய் ஜவுளிக்கடையில் கூட்டம். கூட்டம் என்றால் மூன்றே பேர். பாய், எடப்பாடி நூல் வியாபாரி நாச்சிமுத்து, நான். மூன்று வாரமாக ஒரே வழக்கு: எந்தப் படத்துக்கு விளக்கம் எழுதுவது? செய்யுளுக்குப் பதவுரை, பொழிப்புரை எழுதுகிற மாதிரி ஒரு பேசும் படத்துக்குக் காட்சி காட்சியாக எழுதி, கையெழுத்து ஏடாகத் தைத்து, நாலு பேர் படிக்க விடுவது என்று திட்டம்.

பாய், தறிக்காரர் மகள் கதையான அந்தச் சமூகப் படத்துக்கு. "அழ வைக்குதுப்பா. ஏன் அழறோம்னு எழுதுனாத்தானே விளக்கம்." நாச்சிமுத்து பக்திப் படத்துக்கு. "நாப்பது பாட்டுங்க. பாட்டுக்கு ஒரு பக்கம்னாலே ஏடு ரொம்பிப் போகுமுங்க." நான் ‘கனகபுரி காவலன்’. (இனி க.கா.) பாலம் எரியும் காட்சி ஒன்றே போதும் என்றேன்.

"ஏனுங்க, எடப்பாடி டெண்டுக் கொட்டகையில ரெண்டு தடவை பாத்தனுங்க. பாலம் எரியவே இல்லீங்களே. குதிரை ஓடுது, அப்புறம் நேராக் கல்யாணம்."

டெண்டுக்காரன் சீக்கிரம் முடிக்க ரீலை விட்டு ஓட்டியிருப்பான் என்றேன். அவர் நம்பவில்லை. பார்க்கத் தெரியாதவர்களுக்கு எது காட்டினாலும் கல்யாணம்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மனுஷன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டார். கடைசியில் பாய் என் பக்கம் வந்தார். இங்கே டவுன் கொட்டகையில் க.கா. ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை மூவரும் பார்த்துத் தீர்த்துக்கொள்வது. காட்சிகளை ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டோம். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆவணி 6, சனி

நோட்டைக் காணவில்லை.

பையில் இல்லை. ஆபீஸ் மேசையில் இல்லை. பாய் கடையில் இல்லை. நேற்றுத் திரும்பும்போது சோடாக் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன், அங்கேயும் இல்லை. போகட்டும், வேறு வாங்கலாம் என்றுதான் பத்து மணி வரை இருந்தேன்.

பத்தேகாலுக்குத் தந்திப் பகுதியில் ஒரே அமளி. வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்கிற சுதந்திரக்காரர்கள் ஓமலூருக்கு அப்பால் தந்திக் கம்பியை அறுத்துவிட்டார்களாம். போலீஸ் வந்து ஒவ்வொருவராகப் பெயர் எழுதிக்கொண்டது. பெயர் சொல்லும்போதுதான் நோட்டில் எழுதியது ஞாபகம் வந்தது. வரி வரியாக:

*க.கா. என்று முடிவு.*
*மந்திரி கொலை: நாச்சிமுத்து.*
*சிறை உடைப்பு: காதர்.*
*பாலம் எரிப்பு: ரங்கசாமி.*
*ஞாயிறு மூவரும் நேரில் பார்த்து வருவது. வியாழனுக்குள் காரியத்தை முடிப்பது.*

உட்கார்ந்துவிட்டேன். படம் என்ற வார்த்தை ஓரிடத்திலும் இல்லை. எனக்குத் தெரிந்ததை எதற்கு எழுதணும் என்கிற சோம்பேறித்தனம். அட்டையில் என் பெயர், ஆபீஸ் பெயர் இரண்டும் உண்டு, அழகான கையெழுத்தில்.

சாப்பிடவில்லை. பனங்கற்கண்டு மறந்து போச்சு.

ஆவணி 7, ஞாயிறு

வெயில். பாயிடம் ஓடினேன். கேட்டதும் சிரித்தார், பிறகு தன் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றது.

கொட்டகைக்குப் போவதா வேண்டாமா? "போகாட்டித்தான் சந்தேகம்" என்கிறார் பாய். "போனா, எழுதுனபடியே மூணு பேரும் வந்தாங்கன்னு ஆகிடாதுங்களா" என்கிறார் நாச்சிமுத்து. இரண்டும் சரியாகத்தான் படுகிறது. போகவில்லை.

மத்தியானம் திருமணிமுத்தாற்றுப் பாலத்தின் இரண்டு முனையிலும் போலீஸ் நிற்பதாகப் பால்காரி சொன்னாள். ஞாயிறு மூவரும் நேரில் பார்த்து வருவது. எனக்காகத்தான் நிற்கிறார்கள். கொல்லைக்கு நாலு தடவை.

தெய்வானை: "என்ன ஆச்சு உங்களுக்கு?"
நான்: "பலகாரம் ஒத்துக்கல."
"என்ன பலகாரம்? நேத்திலருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கல."

சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

ஆவணி 9, செவ்வாய்

வந்துவிட்டார்கள். பகல் பன்னிரண்டு மணி. ஸ்டாம்பு கவுண்டரில் ஆறு பேர் நிற்கும்போது. சப்-இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள். சோடாக் கடைக்காரன் நோட்டை நல்ல பிள்ளையாகக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்திருக்கிறான். பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

"இது உம்ம கையெழுத்தா?"
"ஆமாங்கய்யா."
"க.கா.ன்னா எந்தக் கட்சி?"
"கட்சி இல்லீங்கய்யா, படம். கனகபுரி காவலன்."
"படத்துல பாலத்தை எரிக்கிறதுக்கு உம்ம பேரு எதுக்கு?"

விளக்கம் எழுதுவதைப் பற்றிச் சொன்னேன். படத்துக்கு யாராவது உரை எழுதுவார்களா என்றார். அவர் சொல்லும்போது எனக்கே பொய் மாதிரி இருந்தது. பாட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன் ஐயா, அதில் கதை இருக்கும் என்று பையிலிருந்து எடுத்து நீட்டினேன். மூன்று நாளாக அதைப் பையிலேயே வைத்திருந்தேன். அவர் சத்தமாகவே படித்தார். கதைச் சுருக்கத்தில் கடைசி இரண்டு வரி: எதிரிப் படை துரத்த, காவலன் பாலத்தை நோக்கிக் குதிரையைத் திருப்புகிறான். மிகுதியை வெண்திரையில் காண்க.

"மிகுதிதான்யா எனக்கு வேணும்" என்றார்.

நாளை மாலை ஆட்டத்துக்கு அவரே வருகிறாராம். நானும் வரணும். பாலம் எரிந்தால் வீட்டுக்கு. எரியாவிட்டால் அவரோடு.

ஆபீஸில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாய் சொன்னது அதைவிடக் கிலி: இங்கேயும் சில நாள் நேரமானால் ரீலை விடுகிறார்களாம். கொட்டகை ஆபரேட்டரைக் கெஞ்சலாம் என்றால், சாட்சியைக் கலைத்தான் என்பார்கள். நாச்சிமுத்து ஒரே ஒரு வார்த்தை: "நான்தான் சொன்னனுங்களே, எரியலைன்னு." பாவி மனுஷன்.

ஆவணி 10, புதன்

விபூதி வைத்துக்கொண்டேன். தெய்வானை எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய வேட்டியை எடுத்துக் கொடுத்தாள், எதற்கென்று தெரியவில்லை.

பெஞ்சில் எனக்கு இடது பக்கம் சப்-இன்ஸ்பெக்டர், வலது பக்கம் கான்ஸ்டபிள். எட்டுத் தடவை பார்த்த படம். ஒவ்வொரு ரீல் மாற்றும்போதும் வெளிச்சம் போடுவார்கள், ஒவ்வொரு வெளிச்சத்திலும் ஜனம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. பத்தாவது ரீலின் கடைசி. குதிரை ஓடுகிறது. வெளிச்சம், மறுபடி இருட்டு. கல்யாண மேளம்தான் வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

தரை டிக்கட்டில் பெரிய கூச்சல். திறந்தேன். பாலம் எரிந்தது. அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், துண்டை வாயில் வைத்துக்கொண்டு.

வெளியே வந்ததும் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பீடி பற்றவைத்துக்கொண்டு, "அது சரி, கட்டுன பாலத்தை அவனே ஏன்யா எரிக்கிறான்?" என்றார்.

சும்மா சண்டைக் காட்சி ஐயா என்று சொல்லி வீட்டுக்கு வந்திருக்கலாம். மூன்று வாரமாக ஒருவரும் என்னை அதைக் கேட்கவில்லை. இரண்டாவது ரீலில் அவன் பாலத்துக்குப் பலகை அடிப்பதைக் காட்டுகிறார்கள் ஐயா, கையில் ரத்தம் வருகிறது. பதினொன்றில் அயலூர்த் தளபதி வரும்போது முகத்தைக் காட்டவில்லை, பூட்ஸை மட்டும் காட்டுகிறார்கள், அதே பலகைமேல். தன் ஜனம் நடக்கப் போட்ட வழியில் பூட்ஸ் நடப்பதைப் பார்க்கிறான், அப்போதுதான் பந்தத்தை எடுக்கிறான். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பீடி அணையும் வரை நின்று கேட்டார்.

"எனக்கு இது தோணவே இல்ல. நல்லா விளக்குறீர்" என்றார்.

பெருமையாக இருந்தது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் இருந்தது. வீட்டுக்கு வந்து மூன்று தோசை தின்றேன்.

ஆவணி 12, வெள்ளி

பனங்கற்கண்டு வாங்கியாச்சு. இருமல் கொஞ்சம் தேவலை.

மத்தியானம் நாச்சிமுத்து ஆபீஸுக்கே வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. "நேத்து ஆட்டத்துக்குப் போனனுங்க, உங்ககிட்டத் தோத்துட்டேன்னு சொல்லலாம்னு. பாலம் எரியலீங்க."

ஆபரேட்டரைக் கேட்டிருக்கிறார். வியாழன் காலையில் சப்-இன்ஸ்பெக்டர் வந்தாராம். பதினோராவது ரீலை எடுக்கச் சொன்னாராம். "பூட்ஸ் வர்ற எடத்திலிருந்து வெட்டு" என்றாராம். பூட்ஸ் என்று அவருக்குச் சொன்னது யார்? வெட்டிய சுருளைக் கொட்டகைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்களாம், ஒரு நொடியில் போய்விட்டதாம்.

நாச்சிமுத்து என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் அவரிடம் அந்தப் பீடிப் பேச்சைச் சொல்லவும் இல்லை.

இப்போது நோட்டில் அப்படியே இருக்கிறது, பாலம் எரிப்பு: ரங்கசாமி. இன்னொரு தடவை யார் கையிலாவது கிடைத்தால் காட்டுவதற்குப் படத்தில் பாலம் இல்லை. பாய் ஆள் அனுப்பிவிட்டார்: கொளுத்திப்போடு, இன்னைக்கே. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து நிற்கிறேன்.

தெய்வானை அடுப்படியிலிருந்து கையை நீட்டினாள். "அந்த நோட்டக் குடுங்க."

ஆபீஸிலேயே எரித்துவிட்டேன் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். சரி என்று போய்விட்டாள். அந்தப் பலகாரப் பொய்யை விட்டால், கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவளிடம் சொன்ன முதல் பொய்.

நோட்டு மடியில். மறப்பதற்குள் அந்தக் காட்சியை எழுதிவிடணும்:

பதினோராவது ரீல். முதலில் பூட்ஸ். பலகையில் ஆணித் தலை தெரிகிறது. பலகை கொஞ்சம் அமுங்குகிறது. பிறகு...