நலம் விசாரிக்காத கடிதம்

மே 6
மறுபடியும் தாள் முழுக்கச் சிவப்பு மை. ஹோட்டல் அறையில் வெந்நீர் வரவில்லை என்று முதலாளிக்குப் புகார்க் கடிதம் எழுதச் சொன்னார்கள், இங்கிலீஷில். முதலாளி நலமா, பிள்ளைகள் நலமா, ஆடுமாடுகள் குளிரைத் தாண்டினவா என்று கேட்டு முடிப்பதற்குள் பக்கம் தீர்ந்துவிட்டது. வெந்நீர் கடைசி வரியில். எங்கள் கோச்கோர் மலைக் கிராமங்களில் வேறெப்படி ஒருவரிடம் குறை சொல்வது?

ஆசிரியை பெரிசாத் சிரித்தேவிட்டாள். “அக்கா, அந்த ஆளுக்கு ஆடே இல்ல!”

என்னைவிடச் சின்னவள். ஆனாலும் ஆசிரியை, அதனால் நானும் அவளை அக்கா என்கிறேன்.

மே 13
கட்டுரை, அறிக்கை, சொற்பொழிவு, விமர்சனம், கடிதம். பரீட்சையில் எது வேண்டுமானாலும் வரும். எட்டாவதோடு பள்ளியை விட்டவளுக்கு இதில் தேறினால்தான் நாரின் நகரத்தில் செவிலியர் படிப்பு.

பால் கறந்தபடி இதையெல்லாம் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். இந்தச் சிவப்புப் பசு நாத்தனார் வீட்டிலிருந்து வந்தது. அங்கே ரஷ்ய மொழியில் திட்டுவார்களாம். நம் மொழியில் திட்டினால் காது கேட்காதது போல நிற்கும். இங்கிலீஷுக்கு உதைத்தது. எதை எழுத வந்தேன்? ஆம், அறிக்கை. அதில் சொந்தக் கருத்து கூடாதாம். கட்டுரையில் வேண்டுமாம்.

மே 20
எல்லாம் கலந்துவிட்டது. எது அறிக்கை, எது கட்டுரை என்றே தெரியவில்லை.

மே 25
ஊரே ஆடுமாடுகளோடு மலைக்கு மேய்ச்சலுக்குக் கிளம்பப் போகிறது, ஜூன் 3, என் பரீட்சைக்கு முந்தின நாள். கணவர் குபாத் சேணத்தைத் துடைத்துக்கொண்டே வம்புக்கு இழுத்தார்.

“எல்லாரும் மேல போறோம். நீ மட்டும் இங்க யாருக்கு லெட்டர் எழுதப் போற?”

“இல்லாத முதலாளிக்கு.”

“பதில் போடுவானா?”

சிரித்தோம். பிறகு மெதுவாக, “தேறலைன்னா?” என்றார்.

தேறலைன்னா என்ன பண்ணுவேன்? அடுத்த வருஷமும் இவர்கிட்ட வந்து பரீட்சை எழுத விடுங்கன்னு கேக்க எனக்கு மூஞ்சி இருக்குமா?

ஜூன் 3
போய்விட்டார்கள். வீடு ஓவென்று கிடக்கிறது.

ஜூன் 4
மேசையில் கேள்விச் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். “இடது கையால எடுடி, அதுதான் ராசி,” என்றாள் பின்னால் நின்றவள். எடுத்தேன். பேருந்தில் தொலைந்த பெட்டிக்காக நிறுவனத்துக்குப் புகார்.

கை தானாக ‘நலமா’ என்று தொடங்கியது. அடித்தேன். முதல் வரியிலேயே பெட்டி. பழுப்பு நிறம், உடைந்த பூட்டு, எந்த ஊர்ப் பேருந்து. அவ்வளவுதான். வாசலில் சலாம் சொல்லாமல் நேரே அடுப்படிக்குள் நுழைந்து பானையைத் திறந்த மாதிரி இருந்தது. இவ்வளவு மரியாதை கெட்டதற்கா மதிப்பெண் போடுவார்கள்?

செப்டம்பர் 20, நாரின்
செவிலியர் வகுப்பு முடிந்து விடுதிக்கு வருகிற வழியில் குபாத்துக்குச் செய்தி அனுப்பினேன்: ‘கம்பளிச் சட்டை வேண்டும். புதன்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள்.’

உடனே கூப்பிட்டார். குரலே சரியில்லை.

“என்ன கோவம் உனக்கு? நான் என்ன பண்ணேன்?”

“கோவமா? எனக்கா?”

“நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை இல்ல. கடன்காரனுக்கு எழுதுன மாதிரி எழுதியிருக்க.”

விடுதிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் நலமா, அவர் அண்ணன் முதுகுவலி எப்படி, வைக்கோல் நனையாமல் வந்து சேர்ந்ததா, ஆடுகள் மலையிலிருந்து எப்படி இறங்கின என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். கடைசியில் சிரிக்கவும் செய்தார்.

சட்டையைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. இங்கே குளிர் தொடங்கிவிட்டது.